பளிச்சென்று ஒரு முகம்

பெங்களூரு அல்சூரில் வெப்சைட் செய்துகொடுக்கும் தாரணியைத் தேடி சபாபதி வந்தார்.

"பிரவுசிங் சென்டர்ல இந்தப் பேஜ் திறக்கவே ரொம்ப நேரமாகுதும்மா. என் மக போட்டோ வர்றதுக்குள்ள எல்லாரும் மூடிட்டுப் போயிடறாங்க."

பக்கம் முழுவதும் கன்னடம். மதுரையிலிருந்து வந்த தாரணிக்கு அது படிக்கத் தெரியாது. வயதும் உயரமும் போன் நம்பரும் எண்களில் இருந்தன. வரன் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

போட்டோவின் அளவைக் குறைத்தாள். பெண்ணின் நெற்றியிலிருந்த தழும்பையும் அழித்தாள்.

"பாருங்க சார், உடனே திறக்குது. முகமும் பளிச்சுன்னு இருக்கு. சீக்கிரமே நல்ல மாப்பிள்ளை கிடைப்பார்."

சபாபதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேகம் போதும்மா. ஆனா, அந்தத் தழும்பைத் திரும்பப் போட்டுடு. இவ காணாமப் போய் ஒரு வருஷமாகுது. அதை வெச்சுத்தான் யாராவது அடையாளம் கண்டுபிடிக்கணும்."