லாரிக்குப் பின்னால்

இரண்டு மணி பதினோரு நிமிடம்.

அச்சங்குளம் பட்டாசு ஆலையின் கேட் நோட்டில் கார் வெளியேறிய நேரம் ஐந்து நாற்பது. மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டில் அவன் மனைவி மாடத்தியைச் சேர்த்த நேரம் ஏழு ஐம்பத்தொன்று. சங்கிலிமுத்து பத்தொன்பது நாளாக ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட விடை குறையவில்லை.

இன்று கேட்டுவிடுவது என்று சிவகாசியில் முதலாளி வீட்டு மாடிப்படி ஏறினான்.

சட்டைப்பையில் கலெக்டருக்கு எழுதிய மனு இருந்தது. வேண்டுமென்றே காரை மெதுவாக ஓட்டி என் மனைவியைக் கொன்றுவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஓட்டியவன் வாயிலிருந்தே ஒரு பதில் வேண்டும்.

மாடி அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி அய்யாதுரை இருந்தார். அவர் மகன் நவநீதகிருஷ்ணன் இருந்தான். எதிரே சென்னையிலிருந்து வந்த டயர் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர். அடுத்த பந்தய சீசனுக்கான ஒப்பந்தம் மேசையில் விரித்துக் கிடந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

நவநீதகிருஷ்ணன் கார் பந்தய வீரன். தரையை உரசிக்கொண்டு போகும் ஒற்றை ஆள் வண்டி அல்ல. ஊரில் எல்லாரும் ஓட்டுகிற அதே நாலு கதவுக் காரைப் பந்தயத்துக்கென்று மாற்றி ஓட்டுகிறவன். ஏழு வருடம். மூன்று முறை அகில இந்தியப் பட்டம். ஆலையின் 2005ஆம் வருடக் காலண்டரில் அவனும் அவன் காரும்தான். சங்கிலிமுத்துவின் வீட்டிலும் அது தொங்கியது.

அதனால்தான் வெடிவிபத்து நடந்த அன்றைக்குச் சங்கிலிமுத்து அப்படிச் செய்தான்.

வெடித்த அறையின் புகை அடங்கியிருக்கவில்லை. முனியராஜின் லோடு வண்டியில் வேறு இரண்டு பெண்களோடு மாடத்தியையும் கிடத்தியிருந்தார்கள். சங்கிலிமுத்துதான் அவளை அதிலிருந்து இறக்கினான். தூக்கிக்கொண்டு ஓடி, ஆபீஸ் வாசலில் நின்ற நவநீதகிருஷ்ணனின் காரில் ஏற்றினான்.

"நீங்க ஓட்டுங்க சின்ன முதலாளி. நீங்க ஓட்டுனா முக்கா மணி நேரம்" என்று காலில் விழுந்தான்.

ஆலையே பார்த்துக்கொண்டிருந்தது. நவநீதகிருஷ்ணன் சாவியைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஏறினான்.

இறக்கி மாற்றியதைச் சங்கிலிமுத்து மனுவில் எழுதவில்லை.

நாலு வழிச் சாலை வருவதற்கு முந்திய மதுரை ரோடு. விருதுநகர் தாண்டியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. முன்னால் ஒரு வைக்கோல் லாரி. எதிரே விளக்குகள் வந்தன, போயின, ரோடு காலியானது. கார் லாரியின் முதுகை விட்டு நகரவில்லை.

"ஏறிப் போங்க, ஏறிப் போங்க" என்று பின்சீட்டிலிருந்து கத்தினான்.

கார் வலப்பக்கம் ஒரு முழம் விலகும். உடனே பழைய இடத்துக்கு ஒடுங்கிவிடும். அந்த லாரி வேறு ரோட்டில் திரும்பியதும் இன்னொரு லாரி.

கள்ளிக்குடிக்கு முன்னால் முனியராஜின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு காரையும் லாரியையும் சேர்த்துத் தாண்டிப் போனது. பத்து நிமிடம் கழித்துக் கிளம்பிய வண்டி. அதில் போன இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

மாடத்தி கள்ளிக்குடிவரை தண்ணீர் கேட்டாள்.

"யாரக் கேட்டு உள்ள வந்த?" என்றார் அய்யாதுரை, மாடி அறைக்குள் நுழைந்தவனிடம்.

சங்கிலிமுத்து அவரைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தான்.

"நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல பதினோரு பேர உட்கார வச்சிருந்தீக. அவ பிழைச்சா விசாரணையில சொல்லிருவா. அதுக்குத்தான மெள்ளப் போனீக?"

நவநீதகிருஷ்ணன் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கேன்ல? சொல்லுலே."

பதினாறு வருடம் வேலை பார்த்த இடத்தில் அவன் ஒருமுறைகூட அப்படிப் பேசியதில்லை. சென்னைக்காரர்களில் பெரியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நாங்க வேணா வெளிய இருக்கோம் சார்."

"வேண்டாம். இருங்க" என்றான் நவநீதகிருஷ்ணன்.

அய்யாதுரை மேசையைத் தட்டினார். "கார் ஓட்டுறதுன்னா பெட்டி தூக்குறதுன்னு நெனச்சியாலே? முன்னால லாரி போனா பின்னால போகத்தான் செய்யணும். எறங்கு கீழ."

"முனியராசு போனான்லா? அவனுக்கு யாரு மொதலாளி கப்பு குடுத்தா? இவுகளுக்கு மூணு கப்பு குடுத்திருக்காக. லாரிக்குப் பின்னாலயே போனதுக்கா குடுத்தாக?"

சென்னைக்காரர்களில் இளையவனுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

சங்கிலிமுத்து மனுவை எடுத்து ஒப்பந்தத்தின் மேலேயே விரித்தான். கொன்றுவிட்டார் என்ற வார்த்தையில் விரலை வைத்தான்.

"இது பொய்யின்னா சொல்லுங்க. இங்கனயே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருதேன்."

நவநீதகிருஷ்ணன் அதை முழுக்கப் படித்தான். கையிலிருந்த பேனாவை மூடினான்.

"ரேஸ்ல எதுத்தாப்புல யாரும் வர மாட்டாங்க" என்றான். "எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க. எந்த வளைவு எங்க இருக்குன்னு எனக்கு மனப்பாடம். அதனால ஓட்ட முடிஞ்சது."

"அதுக்கு?"

"நவநீதா, வாய மூடு." அய்யாதுரை எழுந்துவிட்டார். "இவுங்க முன்னால ஒண்ணும் பேசாத."

நவநீதகிருஷ்ணன் அப்பாவைப் பார்க்கவில்லை. முகம் முழுவதையும் சங்கிலிமுத்துவின் பக்கம் திருப்பினான்.

"எனக்கு வலது கண்ணு தெரியாது, சங்கிலிண்ணே. ரெண்டு வருசமா."