ஐந்து மணி பத்து நிமிடம்

மருத்துவர் நீளமான தாளை மேசைமேல் விரித்து, ஓரிடத்தில் பேனாவை ஊன்றினார். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்பிய பெட்டி பதிந்து வைத்த துடிப்பு அது.

"சார், அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு பத்துக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்தார். யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று ஒரு வாரமாகக் காத்திருந்தவர்.

"மேடையில பேசிட்டிருந்தேன் டாக்டர். குடியிருப்புச் சங்கத் தலைவரா பொறுப்பேத்துக்கிட்ட நாள். தண்ணித்தொட்டி விவகாரம். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டேன்."

நாற்பது வீட்டுச் சங்கம். போட்டிக்கு யாரும் நிற்கவில்லை.

மருத்துவர் சிரிக்கவில்லை. ஐந்து பத்திலிருந்து முக்கால் மணி நேரம் துடிப்பு தாறுமாறாக ஓடியிருக்கிறதாம். இப்படியே விட்டால் இரத்தம் கட்டி மூளைக்குப் போகும், ஒரு பக்கம் விழுந்துவிடும். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது.

"நீங்கதாம்மா பாத்துக்கணும்" என்றார் என்னிடம்.

சரி என்றேன்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவர் கைபேசியில் ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தார். பொதுக்காரியம் என்று இறங்கிவிட்டால் உடம்பைப் பார்க்க முடியுமா என்று. செயலாளருக்கு இரண்டு முறை சொன்னார்.

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். 

பொறுப்பேற்ற அன்றைக்கு நாலு மணிக்கு, புதுச் சட்டைக்குள் அந்தப் பெட்டி புடைத்துக்கொண்டு நின்றது. போட்டோவில் தொப்பை மாதிரி விழும் என்றார். தொப்பை ஏற்கெனவே இருந்தது, நான் சொல்லவில்லை.

"நெஞ்சுல இருக்கணும்னுதானே சொன்னாங்க. நீ சும்மாதானே இருக்கே, ராத்திரி வரைக்கும் போட்டுக்கோ."

ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் மேல் ஒட்டிவிட்டு, கண்ணாடி பார்த்துவிட்டுக் கிளம்பினார். எட்டு மணிக்கு வந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஐந்து பத்துக்கு நான் அவருடைய பழைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். லேசாகப் படபடத்தது. வெயில் என்று நினைத்தேன்.

மருத்துவரிடம் போய் வந்த இரவு, சாப்பிட்டு முடித்ததும் அவர் கையை நீட்டினார். என்னுடைய கால்சியம் மாத்திரையை எடுத்து வைத்தேன். விழுங்கிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"இப்பதான் சீரா அடிக்குது."

நான் அடுப்படிக்குப் போய், அவர் பெயர் எழுதிய மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து, தண்ணீர் குடித்தேன்.