கல்லில் அய்யாவு இல்லை

ஃபாதர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயர் கேட்ட குடும்பத்தார் எழுந்து போய், புதிய கருங்கல்லின் அடியில் பூவை வைத்துவிட்டு வந்தார்கள்.

சிகாமட் ஊர் மாதா கோயிலில் அப்போதுதான் ஞாயிறு பூசை முடிந்திருந்தது. பந்தலுக்குள்ளும் வியர்த்துக் கொட்டியது.

கோயிலுக்குள்ளே, போரில் செத்தவர்களுக்கென்று முன்பே ஒரு பித்தளைப் பலகை உண்டு. அதில் இருப்பவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரத் துரைகள். சயாம் நாட்டில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போன தோட்டத்துத் தமிழர்களுக்கு எண்பது வருஷமாக ஒரு கோடுகூட இல்லை. இப்போதுதான் இந்தக் கல். போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை, பழைய ரயிலடிப் பட்டியலிலிருந்து எடுத்து, எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்று பார்க்காமல், ஒன்றாகச் செதுக்கியிருந்தார்கள்.

ஜெயக்காந்தன் முன்வரிசையில் இருந்தார். ஜொகூர் பாருவில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா சிவசம்பு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கல்லில் அவர் பெயரும் இருந்தது.

"இது உங்க தாத்தாதானே?" என்று மூன்று மாதத்துக்கு முன் ஃபாதர் போனில் கேட்டபோது, ஜெயக்காந்தன் பெயரை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஆமாம் என்றார்.

பக்கத்து நாற்காலியில் எழுபதைத் தாண்டிய ஒரு பெண். பெயர் சந்திரமதி என்றார். கையில் ஒற்றைச் செம்பருத்தி வைத்திருந்தார்.

"எங்க தாய்மாமா அய்யாவு பேரு கல்லுல இல்ல, டாக்டர். உங்க தாத்தா வீட்டுலதான் சமையல் வேல பாத்தாரு. திடீர்னு ஒரு நாள் ஆளக் காணோம். சயாமுக்குப் பயந்து ஓடிட்டான்னு தோட்டம் பூரா பேச்சு. எங்கம்மா மட்டும் சாகுற வரைக்கும் நம்பவே இல்ல."

ஜெயக்காந்தன் தண்ணீர் போத்தலைத் திறந்தார். குடிக்காமலே மூடினார்.

"சிவசம்பு" என்று ஃபாதர் அழைத்தார்.

ஜெயக்காந்தன் எழுந்தார். சந்திரமதி பூவை அவரிடம் நீட்டினார்.

"இதையும் உங்க தாத்தா பேருக்குக் கீழ வச்சிடுறீங்களா? எங்களுக்கு வைக்க வேற இடமில்ல லா."

அவர் பூவை வாங்கவில்லை. அந்தக் கையைப் பிடித்தார்.

"நீங்களே வாங்க அக்கா."

இருவரும் கல்லருகே போனார்கள். சந்திரமதி குனிந்து பூவை வைத்தார். சிவசம்பு என்ற பெயரில் விரலை வைத்து ஜெயக்காந்தன் சொன்னார்:

"இது உங்க மாமாதான் அக்கா."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சந்திரமதி ஜெயக்காந்தனின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எவ்வளவு பெரிய மனசு டாக்டர் உங்களுக்கு! உங்க தாத்தா பேரையே எங்களுக்குப் பங்கு குடுத்திட்டீங்களே!"

ஜெயக்காந்தன் வாயைத் திறந்தார். மைக் இன்னும் அங்கேயேதான் இருந்தது. எல்லா முகங்களும் அவரைப் பிரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன.

சிவசம்பு சயாமுக்குப் போகவே இல்லை. பத்து பாகாட் என்ற ஊரில், சொந்த வீட்டுக் கட்டிலில், பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, நிறைந்த வயதில் செத்தார். அதற்குச் சில நாள் முன்பு ஜெயக்காந்தனை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். ஜப்பான்காரன் சயாமுக்குக் கிராணியையும் கேட்டிருந்தான். "ரயிலடியில் என் பெயரைக் கூப்பிட்டால் நீ கையைத் தூக்கு, நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன்" என்று சொல்லி அய்யாவுவை அனுப்பினாராம். அவன் ஓடிவிட்டான் என்று தோட்டத்தில் முந்தின நாளே சொல்லிவைத்ததும் அவர்தான். ரயில் கிளம்பியதும் குடும்பத்தோடு பத்து பாகாட்டுக்குப் போனவர், தோட்டத்துப் பக்கம் பிறகு தலைகாட்டவில்லை.

ஜெயக்காந்தன் வாயை மூடிக்கொண்டார்.

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். பந்தலே எழுந்து நின்று தட்டியது.

அது ஓயும்வரை அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

அடக்கமான மனிதர் என்று பேசிக்கொண்டார்கள்.