ஊதினால் யார் வருவார்?

“தேத்தண்ணி ஆத்துற மாதிரி ஊதாதை, பிள்ளை! நெஞ்சிலையிருந்து ஊது. தெருமுனைக்குக் கேக்கவேணும்!”

இரத்தினேஸ்வரி மூச்சை இழுத்துப் பிடித்து, அப்பா வாங்கித் தந்த புது விசிலைக் கட்டையாக மூன்று தரம் ஊதினாள்.

“இப்ப பார்,” என்றார் தம்பையா மனைவியிடம். “சத்தம் கேட்டால் சனம் ஓடி வரும். கொழும்பிலையும் மனிசர்தானே இருக்கினம்.”

கொழும்பில் ஒரு பெண்கள் விடுதி வாசலில், படிக்கிற பிள்ளை ஒருத்தியின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடினானாம். அந்தக் கதை காதில் விழுந்த நாளிலிருந்து மனைவி சீதேவி ஒரே பிடியில் நின்றாள். ஆபத்துக்கு ஓடி வர ஆளில்லாத ஊருக்குப் பிள்ளையை அனுப்ப ஏலாது. கொழும்பில் இரத்தினேஸ்வரி படிக்கப்போகும் கொலிச் தொடங்க இன்னும் ஒரு கிழமைதான்.

சனம் ஓடியதுதான். தேத்தண்ணிக்கடை பாயிஸ் கையில் பிடித்த கோப்பையோடு பதுங்குகுழிக்குள் பாய்ந்தான். வண்டிக்காரன் மாட்டை விட்டுவிட்டு வண்டிக்குக் கீழே படுத்தான். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் அந்த வலைமேலேயே குப்புற விழுந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் தெருவில் ஒரு ஆடு மட்டும் மிச்சம்.

போன வருசம் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டதிலிருந்து, திருகோணமலையில் விசில் என்றால் விமானம். இந்தத் தெருவுக்கு வார்டன், விமானம் வந்தால் விசில் ஊதுகிறவர், தம்பையாவேதான்.

“விமானத்துக்கு நீளமா ஊதுறது. இது கட்டை விசில் எல்லோ…” என்றார், பாதிக் குரலில்.

“குண்டு விழேக்கை நீளம் கட்டை ஆர் பாக்கிறது?” சீதேவியும் குழிவரை ஓடித் திரும்பியிருந்தாள். மூச்சு வாங்கியது. “கண்டியளோ? பிள்ளை ஊத ஊர் ஓடி ஒளியுது. முத்தத்திலை அவள் தனிய நிக்கிறாள். இதுதான் உங்கடை பாதுகாப்பு!”

“அம்மா, கொழும்பிலை அப்பிடி இல்லை…”

“ஏன், கொழும்பிலை குண்டு விழேல்லையோ? அவையும் ஓடித்தான் ஒளிவினம். நீ போகேல்லை. கதை முடிஞ்சுது.”

அப்போது வேலி முறிந்தது.

ஓலைக் கிடுகுகளோடு சேர்ந்து முற்றத்தில் வந்து விழுந்தவர் கதிரவேல். சீதேவியின் தமையன், அடுத்த வளவுக்காரர். கையில் வள்ளத்துத் துடுப்பு.

இரத்தினேஸ்வரிக்குக் கொலிச்சில் இடம் கிடைத்த நாள் முதல் அவர் இந்த வீட்டோடு கதைப்பதில்லை. ‘பெட்டையைக் கொழும்புக்கு அனுப்புறவன் எனக்கு மச்சான் இல்லை’ என்று கோயிலடியில் எல்லோரும் கேட்கச் சொன்னவர்.

“எங்கை அவன்? எந்தப் பக்கம் ஓடினவன்?”

“ஆர், மாமா?”

“சங்கிலிக் கள்ளன்!”

ஆடு மட்டும் கத்தியது.

“அண்ணை,” என்றாள் சீதேவி. “ஊரெல்லாம் விமானம் எண்டு குழிக்குள்ளை கிடக்குது. கள்ளன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“பிள்ளையின்ரை விசில் கள்ளனுக்கெண்டு தந்ததெல்லோ. எனக்குத் தெரியாதோ?”

“எப்பிடித் தெரியும்?”

கதிரவேல் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். அது போன பிறகும் தட்டினார்.

“ஒவ்வொரு நாளும் பின்னேரம் இந்தாள் முத்தத்திலை நிண்டு பாடம் நடத்தினால், நான் காதைக் கழட்டியோ வைக்கிறது? தனிய நடக்காதை, நகை போடாதை, விசிலை ஊது. எல்லாம் சரி. ஊதிப்போட்டுப் பிள்ளை எங்கை ஓடுறது? புகுறதுக்கு ஒரு வீடு வேண்டாமோ?”

“கொழும்பிலை எங்களுக்கு ஆருடைய வீடு இருக்கு?”

“கிண்ணியாவிலையிருந்து கருவாடு கொண்டு போற அன்ஸார் காக்கான்ரை தங்கச்சி வீடு. விடுதிக்கு எதிர்ப்பக்கம். நான் சொல்லி அனுப்பினனான். தாயும் பிள்ளையளும் ஸ்டேசனுக்கு வருவினம். ராவோ பகலோ, இவள் போய்க் கதவிலை தட்டலாம்.”

“எப்ப சொல்லி அனுப்பினனீங்கள்?”

“போன மாதம்.”

“போன மாதமோ?” என்றார் தம்பையா. “மச்சான், போன மாதம்தானே நீங்கள் கோயிலடியிலை…”

“அது கோவம். இது அலுவல். ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும். இவளை அனுப்ப எனக்கு இப்பவும் விருப்பமில்லை. போறதெண்டால் பத்திரமாப் போகட்டும்.”

இரத்தினேஸ்வரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

தெருவிலிருந்து பாயிஸின் குரல் வந்தது. “வார்டன் ஐயா! விமானம் போய்ட்டுதெண்டால் மணியை அடியுங்கோ! இந்தக் குழிக்குள்ளை என்னவோ ஊருது!”

தம்பையா மணியைத் தேடி ஓடினார். மணி அடித்ததும் சனம் எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, வானத்தைப் பார்த்து, பிறகு நேரே அவருடைய வேலிப் படலைக்கு வந்தது.

“எங்கை விமானம்?”

“தேத்தண்ணி முழுக்க நான் கட்டின சாரத்திலை!”

“வார்டன் எண்டால் விளையாட்டோ? மேலிடத்துக்குச் சொல்லவேணும்!”

கதிரவேல் துடுப்பை ஊன்றிக்கொண்டு படலைக்கு முன்னால் வந்து நின்றார்.

“விமானம் வந்தது. என்ரை கண்ணாலை கண்டனான். நல்ல உயரத்திலை போனது.”

“எந்தப் பக்கம்?”

“நீங்கள் எல்லாரும் குப்புறக் கிடந்த பக்கம்.”

படலையில் சத்தம் கூடிக்கொண்டே போனது. குசினியில் சீதேவி தாச்சியை அடுப்பில் வைத்து, வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கிற, ஒரு மாதமானாலும் பழுதாகாத பொரிவிளாங்காய் உருண்டைக்குப் பயறு வறுக்கத் தொடங்கினாள்.