பாதிக்குப் பழகிய மேசை

காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் எழுபத்தாறாம் வருஷக் காலண்டர் ஃபேன் காற்றில் சுவரோடு அடித்துக்கொள்கிறது. போன மழையில் இடி விழுந்து கெட்டுப்போன மெமரி போர்டு ரிப்பேராகி இன்றுதான் வந்திருக்கிறது. டெக்னீஷியன் ஆண்டியப்பன் அதிலிருந்த செம்மண் தூசியை ஊதிவிட்டு, கம்ப்யூட்டரில் காலியாகக் கிடந்த இடத்தில் அழுத்திச் செருகுகிறார். சாலா கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மிச்சமிருந்த ஒரே போர்டோடு மெஷின் முடங்கிவிடாமல் இருக்க, எழுந்ததுமே தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறதென்று தானே அளந்து, அதற்குத் தக்கபடி வேலையை வைத்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதியவள் அவள்தான். உப்புநீர் ஜாடிகளில் இரும்பு துருப்பிடிப்பதை இத்தனை மாதமாக அது இருபத்துநாலில் பாதி ஜாடிகளில் மட்டுமே பார்த்து வந்தது.

"சுருங்கத் தெரிஞ்சுக்கிருச்சும்மா. விரியத் தெரியுமா? நீங்க ஒண்ணையும் மாத்தாம விட்டுட்டீகளே."

"மாத்தக் கூடாதுண்ணே. அதுவாப் பாக்கணும்."

சுவிட்சைத் தட்டுகிறாள். சிவப்பு விளக்குகள் ஓடி நிற்கின்றன. டெலிபிரிண்டர் ஒருமுறை அதிர்ந்து, தாளில் அடிக்கிறது: ஜாடிகள் 24. ஆண்டியப்பன் வாய்விட்டுச் சிரிக்கிறார். சாலாவும் சிரித்தபடியே ஜன்னலோர மேசையைத் திரும்பிப் பார்க்கிறாள். மற்றப் பன்னிரண்டு ஜாடிகள் இருந்த மேசை. இப்போது அதில் டிபன் கேரியர்கள், அவளுடைய குடை, வெயிலில் காயும் ஒரு துண்டு.

"ஜாடியெல்லாம் எங்குட்டுண்ணே வச்சோம்?"

அவர் தலையைச் சொறிகிறார். மெஷின் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கிறது.