சென்னப்பன் நடந்த தூரம்

“ஹார்ட்டு இந்த ஓட்டம் ஓடுனா தாங்காதுண்ணா. பத்து நாளு முழு ரெஸ்ட். சம்பளத்தோட லீவு” என்றாள் நர்ஸ் மேகலா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓசூர் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் உட்கார்ந்திருந்த சென்னப்பனுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். முகத்தை மட்டும் பாவமாக வைத்துக்கொண்டு, “ஆமாங்க சிஸ்டர், கொஞ்ச நாளாவே படபடப்பு” என்று நெஞ்சைத் தடவினான்.

சர்க்கரை உள்ள தொழிலாளிகளுக்கெல்லாம் கம்பெனி ஒரு வாட்ச் கொடுத்திருந்தது. எத்தனை அடி நடந்தார்கள், நாடி எப்படித் துடிக்கிறது என்பதெல்லாம் உடனுக்குடன் மேகலாவின் திரைக்கு வந்துவிடும். எட்டாயிரம் அடிக்குக் குறைந்தால் கேன்டீனில் நாலு மணி போண்டா கட்.

ஷிப்ட் முழுக்க மெஷின் முன்னால் ஸ்டூலை விட்டு நகராத சென்னப்பன்தான், தினமும் பத்தொன்பதாயிரம் அடியோடு முதலிடம். போன மாதம் மேடையேற்றி, கைதட்டி, குக்கர் பரிசு கொடுத்தார்கள்.

“வாட்ச் எங்கண்ணா?”

“மெஷின் பக்கம் கட்டிக்க விடமாட்டாங்களே சிஸ்டர். லாக்கர்ல இருக்குது.”

மேகலா லீவுச் சீட்டை எழுதி நீட்டினாள். பேரிகை கிராமத்து வீட்டில் ஃபேனுக்குக் கீழே கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, மனைவி மாதேஸ்வரி கையால் வேளாவேளைக்குச் சுடச்சுடச் சாப்பிடுவதை நினைத்தபடியே அவன் வாங்கிக்கொண்டான்.

“நல்லாக் கேட்டுக்கங்க. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து சாணி வாரக் கூடாது. தண்ணிக் கொடம் தூக்கக் கூடாது. புல்லுக்கட்டு சுமக்கவே கூடாது.”

“அதெல்லாம் நான் எங்கங்க பண்றேன்? எல்லாம் எங்க வூட்டுல மாதேஸ்வரிதான்...”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மேகலா திரையை அவன் பக்கம் திருப்பினாள். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த சென்னப்பனின் கணக்கில் அடிகள் ஏறிக்கொண்டே இருந்தன. பக்கத்திலேயே நாடித்துடிப்பு சிவப்பு எழுத்தில் மின்னியது.

அவனுக்கு வெட்கம் ஒரு பக்கம். அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக வந்தது.

“அவளுக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே சிஸ்டர்?” என்று லீவுச் சீட்டைத் திருப்பி நீட்டினான்.

“இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தா ஒண்ணும் ஆகாது. சீட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள் மேகலா. “லீவு உங்களுக்கு, ரெஸ்ட் அவங்களுக்கு.”