சிரிக்கும்வரை

மூக்கில் பஞ்சு வைத்தாயிற்று.

நெற்றியில் ஒரு ரூபாய். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் ஒரு முடிச்சு. நெஞ்சில் ரோஜா மாலை, ஈரமும் கனமுமாய்.

"வாயக் கட்டணும்மா," என்றார் மேக்கப் தணிகாசலம். கேட்கவே அவருக்குக் கூச்சம். முப்பது வருஷமாக அந்த முகத்துக்குப் பவுடர் போட்ட கை.

அவள் தாடையைத் தூக்கிக் கொடுத்தாள்.

துணி காதோரமாய் ஏறி உச்சந்தலையில் முடிந்தது.

காலையில்தான் இயக்குநர் வந்து சொன்னான். சின்ன வயசு. கெட்டவன் இல்லை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"அந்த டயலாக் சீன் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் மேடம். படம் நீளமாயிடுது. நேரா சாவு வீட்டுலயே ஆரம்பிக்கிறோம்."

ஒரு பக்கம். மகனிடம் அம்மா பேசுகிற ஒரே ஒரு பக்கம். அதற்காகத்தான் இந்தப் படத்துக்குச் சரி என்றிருந்தாள்.

நாற்பத்தொரு படம் நடித்தவள். ஒன்றில்கூட அவள் குரல் இல்லை. கட்டைக்குரல், கதாநாயகிக்கு ஒத்துவராது என்றார்கள். அவள் பேசியதை எடுத்துவிட்டு வேறொருத்தியைப் பேசவைத்தார்கள். ஊரே மயங்கிய அந்தக் கொஞ்சலை, அவளும் எல்லோரையும்போல் தியேட்டரில் போய்த்தான் கேட்டாள்.

இந்தப் படத்தில் அப்படியில்லை. படப்பிடிப்பிலேயே குரலையும் பிடித்துக்கொள்கிறார்கள். பேசினால் பேசியதுதான்.

பதினோரு நாள் அந்தப் பக்கத்தைப் படித்தாள். குக்கர் விசிலுக்கு நடுவில். குளிக்கும்போது. பஸ் சத்தம் கேட்கிற பால்கனியில்.

"ஸ்டார்ட் கேமரா."

கண்ணை மூடிக்கொண்டாள்.

சுற்றிலும் தலைவிரி கோலமாய் உட்கார்ந்திருந்த துணை நடிகைகள் ஒப்பாரியை எடுத்தார்கள். நாயகன் ஓடி வந்தார்.

படத்தில் அவளுக்கு மகன். அவளைவிட நாலு வயது மூத்தவர். ஒரு காலத்தில் மூன்று படங்களில் ஜோடி. ஊட்டிக் குளிரில் மெல்லிய சேலையோடு அவள் நடுங்க, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தவர். இப்போது படப்பிடிப்பில் அவரை எல்லோரும் அண்ணே என்பார்கள். அறுபது தாண்டிய லைட்மேன்கூட.

"அம்மா" என்று அவள் காலில் விழுந்து அழுதார். நன்றாகவே அழுதார்.

அவள் மூச்சை அடக்கிக் கிடந்தாள்.

"ஓகே" என்றான் இயக்குநர். கட் சொல்லவில்லை.

சொல்லக் கூடாது. பிணமாய்ப் படுத்தவர், கேமரா ஓடும்போதே கண்ணைத் திறந்து, அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அப்புறம்தான் நிறுத்துவார்கள். சிரிக்காமல் நிறுத்தினால் படுத்தவருக்கும் ஆகாது, படத்துக்கும் ஆகாது. வாசலில் பூசணிக்காயும் கற்பூரமும் தயார். இதைக் கண்ணால் பார்க்கவென்றே தயாரிப்பாளர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், சிரிங்க மேடம்."

கண்ணைத் திறந்தாள்.

மாலையோடு எழுந்து உட்கார்ந்தாள். நெற்றி ரூபாய் நழுவி விழுந்தது. பஞ்சை எடுத்துப் போட்டாள்.

சிரிக்கவில்லை.

உச்சந்தலை முடிச்சைத் தேடினாள். தணிகாசலம் கெட்டியாய்த்தான் கட்டியிருந்தார். அவசரப்படாமல் அவிழ்த்தாள்.

கால் முடிச்சைத் தொடவில்லை. நடக்கவா போகிறாள்?

"ஒங்கப்பா போன அன்னைக்கு நான் அழல. ஏன்னு இதுவரைக்கும் நீ கேட்டதில்ல."

கட்டைக்குரல்தான். அடியில் மணல் கிடக்கிற குரல். கூடம் முழுக்கப் போய்த் தொட்டது.

இயக்குநர் கையைத் தூக்கினான்.

"கட் சொல்லிடாதய்யா." தயாரிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அம்மா இன்னும் சிரிக்கல."

"சார், தூக்கின சீன் சார் இது."

"இருக்கட்டும். சிரிக்கிற வரைக்கும் ஓடட்டும். போன படத்துல சிரிக்காம நிறுத்திப் பட்டது போதாதா?"

கேமரா ஓடியது.

அவள் இரண்டாவது வரியைச் சொன்னாள். மூன்றாவதை.

"செத்த பொணம் இவ்ளோ பேசி நான் பாத்ததில்லக்கா," என்றாள் துணை நடிகைகளில் ஒருத்தி, கிசுகிசுப்பாய்.

"சும்மா இருடி. கேக்க விடு."

மூலையில் ஒலிப்பதிவுக்காரப் பெண் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒரு குமிழை மெல்லத் திருப்பினாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு சிரிப்பு. அதைக் கொடுத்துவிட்டால் எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

அவள் கொடுப்பதாக இல்லை.

நாலாவது வரியில் நின்றாள். மறந்து அல்ல.

நாயகன் அவள் காலடியிலிருந்து எழுந்திருந்தார். கன்னத்தில் கிளிசரின் இன்னும் காயவில்லை. உட்காருவதா போவதா என்று தெரியாமல், பெரிய விளக்குக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நெழல் விழுது," என்றாள் அவரிடம். "தள்ளிக்கோ."

லைட்மேன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாயகன் அவளைப் பார்த்தார். திரும்பி விளக்கைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓர் எட்டு தள்ளி நின்றார்.

போதவில்லை என்பதுபோல் அவள் காத்திருந்தாள்.

இன்னும் ஓர் எட்டு.

வெளிச்சம் முழுசாய் வந்ததும், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.